வேலம்மாள் பேசிய இருபது நிமிடம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்காசிப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. பெண்களுக்கு ஒதுக்கிய ஏழாவது வார்டில் எதிரெதிராக நின்ற இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். மூத்தவள் வேலம்மாள், இளையவள் சண்முகப்பிரியா. காலையில் ஒரே அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டு, ஒருத்தி பூட்டுச் சின்னத்துக்கும் மற்றவள் சீப்புச் சின்னத்துக்கும் ஓட்டுக் கேட்கக் கிளம்புவார்கள். இந்தக் கூத்தை ஊரே ரசித்தது.

பிரியாவுக்கு முகநூலில் ஒரு பக்கம் உண்டு. குடிதண்ணீர் எப்போது வரும், ரேஷனில் பருப்பு வந்ததா என்று இரண்டு வருடம் விடாமல் போட்டுப் போட்டுச் சேர்த்த தொள்ளாயிரம் பேர் அதில். பிரியாவே தன் போனில் தொடங்கிக் கொடுத்த வேலம்மாளின் பக்கத்தில் நாற்பது பேர், பாதி சொந்தக்காரர்கள். கேமராவைக் கண்டால் அவளுக்கு 'வணக்கம்' என்பதற்கு மேல் வாய் வராது.

கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு பிரசாரம் முடிகிறது. நாலே முக்காலுக்கு நேரலையில் பேசுவதாகப் பிரியா அறிவித்திருந்தாள். அன்று பார்த்து வேலம்மாளின் போன் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்து உயிரை விட்டது. நாலு நாற்பதுக்குப் பிரியாவிடம் வந்து நின்றாள்.

"ஒன் போனை அஞ்சு நிமிசம் தாயேன் பிரியா."

"பேசுக்கா. நானே பிடிச்சிக்கிடுதேன்."

கேமராவை விட்டுவிட்டுப் பிரியாவின் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள் வேலம்மாள். பெயரைச் சொன்னாள், பூட்டுச் சின்னத்தைச் சொன்னாள். அடைத்த சாக்கடை, பிரசவத்துக்குக்கூட ஆட்டோ நுழையாத சந்து என்று மடை திறந்தாற்போல் வந்தது. அப்போதுதான் திரையில், பார்க்கிறவர்களின் எண்ணிக்கையைப் பிரியா கவனித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு! அக்காவின் பக்கத்துக்கு மாற்ற மறந்துவிட்டாள். பேச்சு தன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்கா இப்படிப் பேசி அவள் பார்த்ததே இல்லை. கை கடுக்கக் கடுக்க ஐந்து மணிவரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

வேலம்மாள் பிரியாவை நாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

பிரியாவின் கணவன் அருணாசலம் குதித்தான். "மதினி, நீங்க பேசுனது இவ பக்கத்துல போச்சு. எங்க ஆளுகளைத் தூக்கிக் கொடுத்துட்டா கிறுக்கி!"

அதுவரை விஷயம் தெரியாத வேலம்மாள் அழுதேவிட்டாள். "அப்போ இது ஒன் பதவிடி. நான் ஏத்துக்க மாட்டேன்."

"ஓட்டு ஒனக்குத்தான போட்டிருக்காவ? நீதான் போகணும்" என்றாள் பிரியா.

பதவியேற்பு அன்று காலையிலும் மூவரும் பிடித்த பிடியை விடவில்லை. கொடுத்தது தப்பு என்கிறான் அருணாசலம். எடுத்துக்கொள்வது தப்பு என்கிறாள் வேலம்மாள். இரண்டிலும் தப்பில்லை என்கிறாள் பிரியா. மூவரில் யார் சொல்வது சரி?

விடை: பிரியா. வேலம்மாள் தன் பெயரையும் சின்னத்தையும் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினாள். கேட்டவர் யாரும் ஏமாறவில்லை. விட்டுக்கொடுத்த நேரம் பிரியாவுடையது. அதில் கணவனுக்குப் பங்கில்லை. அந்தத் தொள்ளாயிரம் பேரும் யாருடைய ஆளும் இல்லை, அவரவர் ஓட்டை அவரவர்தான் போட்டார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் வேலம்மாள் கேட்டாள்: "ஒனக்கு வருத்தம் இல்லியா?" பிரியா மூக்கை உறிஞ்சினாள். "இல்லாம இருக்குமா? நாலே நாலு ஓட்டு, அக்கா! இன்னும் ஒரு வாரம் அழுவேன். நீ மொதல்ல அந்தப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டு."