குடைக்கடைக்காரரின் பூட்டு

வியன்னாவுக்குப் போய் மனசை ஆராயும் வைத்தியம் படித்துவிட்டு மதராசுக்குத் திரும்பியவர் டாக்டர் அனந்தநாயகம். அவரிடம் சபேசன் சிஷ்யனாக இருந்தான்.

அந்த வைத்தியத்தில் ஊசி, மருந்து எதுவும் கிடையாது. நோயாளி சோபாவில் படுத்து மனசில் வந்ததைச் சொல்ல வேண்டும். வைத்தியர் தலைமாட்டில், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். வைத்தியராக ஆசைப்படுகிறவனும் முதலில் அதே சோபாவில் படுத்தாக வேண்டும். சபேசனும் தினம் காலையில் டாக்டரின் சோபாவில் படுத்துப் பேசினான்.

கேட்பதுதான் அவனுக்கு வரவில்லை. ஒருத்தர் இருமினால்கூட அர்த்தம் சொல்லிவிடுவான். அவனிடமிருந்து ஓடின நோயாளிகளில் சிலருக்கு, ஓடின ஓட்டத்திலேயே மூட்டுவலி போய்விட்டது.

மிச்சம் இருந்தவர் குடைக்கடை அமிர்தலிங்கம். கடையைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போவார். திரும்பி வந்து மறுபடி இழுப்பார். வீடு போய்ச் சேர்வதற்குள் ஊர் தூங்கிவிடும். இழுத்த இழுப்பில் பூட்டின் வளையம் கரண்டிக்காம்பு மாதிரி நீண்டுவிட்டது.

ஒரு நாள் சபேசன் வாடின முகத்தோடு வந்தான்.

"அமிர்தலிங்கமும் இனிமே வரமாட்டாராம், ஐயா. அவரும் போயிட்டா நான் மாமனார் அரிசி மில்லுக்குத்தான் போகணும். தவிட்டுல விழுந்து சாகணும்."

"அப்படி என்ன சொன்னீங்க?"

"அந்தப் பூட்டுதான் உங்க அப்பான்னு சொன்னேன்."

"அதுக்கு அவர்?"

"எங்கப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அவரை எதுக்குய்யா கதவுல தொங்க விடறீங்கன்னார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

அமிர்தலிங்கம் வந்து படுத்தார். டாக்டர் அரைக் கவுளி வெற்றிலையைப் பாக்கு சுண்ணாம்போடு சபேசனின் வாயில் திணித்தார். எச்சில் துப்பும் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அமிர்தலிங்கம் பூட்டைப் பற்றிச் சொன்னார். சபேசனின் நாக்கு நுனியில் அர்த்தங்கள் வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்தால் அமிர்தலிங்கத்தின் சலவை வேட்டி நாசமாகிவிடும்.

"ம்," என்றான்.

அமிர்தலிங்கம் பொறுத்துப் பார்த்தார். வேறொன்றும் வராததால் மேலே பேசினார்.

"தீபாவளிக்கு வந்த மச்சினன் இன்னும் ஊருக்குப் போகலைங்க."

"ம்."

"என் சாய்வு நாற்காலியிலதான் படுத்திருக்கான். பேப்பர்கூட அவன் கசக்கிப் போட்டப்புறம்தான் எனக்கு."

"ம்ம்."

"கூச்சப்படாம சாப்பிடுங்க அத்தான்ங்கறான். என் வீட்டுல, என்னைப் பார்த்து."

சபேசனின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. பிறகு அமிர்தலிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"கடையைப் பூட்டிட்டா, வீட்டுக்குல்ல போகணும்," என்றார், வேறு யாரோ சொல்லக் கேட்டவர் மாதிரி.

சபேசன் மொத்தத்தையும் விழுங்கினான்.

"நாளைக்கும் வரேங்க," என்றார் அமிர்தலிங்கம், செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னிக்குத்தான் தம்பி நல்லாப் பேசினீங்க."

அவர் போனதும் சபேசன் விக்கலோடு டாக்டரிடம் ஓடினான்.

"மச்சினன்னு ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஐயா. வாய் மட்டும் காலியா இருந்திருந்தா அப்பவே சொல்லி முடிச்சிருப்பேன்."

"உங்க சிக்கல் என்னன்னு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் டாக்டர்.

சபேசனுக்கு விக்கல் நின்றுவிட்டது.

"என்ன ஐயா அது?"

"சோபா காலியாத்தான் இருக்கு. போய்ப் படுங்க."