நூற்றுக்கு நாலு

"அம்மா, ஓட்டை யாருக்குப் போடட்டும்?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

ஞானவடிவு அம்மா மடத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முத்துப்பேச்சியைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அம்மா.

"யாருக்குப் போட ஆசை, அக்கா?"

"டீக்கடை செல்லக்கனிக்கு. சுயேச்சையா நிக்கிறா. ஜெயிச்சா நம்ம ஊருக்குச் சாயங்கால பஸ் வாங்கித் தாரேன்னு சொல்லுறா. பஸ் வந்தா என் மக ஹாஸ்டல்ல கிடக்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்துரும்."

"பிள்ளையைப் பாத்தீங்களா?"

"போன ஞாயித்துக்கிழமை பாத்தேன். அதுவே தலை பின்னிக்கிடுது அம்மா. வகிடு கோணலா இருந்துச்சு. சரி பண்ணலாம்னு கையைக் கொண்டுபோனா, 'இருக்கட்டும்மா'ன்னு தள்ளி நிக்குது."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"அப்போ செல்லக்கனிக்கே போடுங்க."

"எங்க போட? லோக்கல் சேனல்ல கருத்துக்கணிப்பு சொல்லிட்டாங்களே. மில்லு அண்ணாச்சிக்கு நூத்துக்கு எழுபதாம். செல்லக்கனிக்கு நாலாம். தோக்குறவளுக்குப் போட்டு வீணாக்கவா?"

"நம்ம ஊர்லயும் கேட்டாங்களா?"

"ரேஷன் கடை வரிசையில வந்து கேட்டாங்க. ஒரு தம்பி மைக்கை நீட்டி, 'யாரு ஜெயிப்பா?'ன்னுச்சு. எனக்கு முன்னால நின்ன சரோசா, 'அண்ணாச்சிதான்'னா."

"நீங்க?"

முத்துப்பேச்சி முந்தானையைத் திருகினாள்.

"நானும் அண்ணாச்சின்னுட்டேன். அத்தனை பேருக்கு நடுவுல வேற பேரைச் சொல்ல வாய் வருமா? பின்னால நின்ன கோமு வேற, 'சொல்லித் தொலை, மண்ணெண்ணெய் தீந்துரும்'னு என்னை இடிக்கிறா. அவளும் அண்ணாச்சின்னுதான் சொன்னா."

"கோமுவுக்கு பஸ் வேண்டாமாமா?"

"வேண்டாமாவது! அவ மகனும் ஹாஸ்டல்லதான் கிடக்கான். ஞாயித்துக்கிழமை விடியுமுன்னே ஹாஸ்டல் கேட்டுல போய் நிக்கிறவ அவ. சரோசாவுக்கும் ரெண்டு பிள்ளைங்க அங்கதான்..."

முத்துப்பேச்சி நிறுத்திவிட்டாள்.

அம்மா மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

முத்துப்பேச்சி எழுந்தாள்.

"எங்க போறீங்க, அக்கா?"

"கோமு வீட்டுக்கு. பிறகு சரோசா வீட்டுக்கு. ஒண்ணு கேக்கணும்."

"என்னன்னு?"

"உனக்கு யாரு ஜெயிக்கணும்னு."