இரண்டு கேள்விகள்

நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் பிரமநாயகி இயற்பியல் பேராசிரியராக இருந்தார். ஒளி ஓர் அலை என்று அவர் நடத்தும் பாடத்தைக் கேட்க வேறு வகுப்பு மாணவர்களும் வந்து பின்னால் நிற்பார்கள். இரண்டு சிறு பிளவுகள் வழியே ஒளியை அனுப்பித் திரையில் வெளிச்சமும் இருளுமாக வரிகளை விழவைப்பார். அலைகள் ஒன்றோடொன்று கலந்தால்தான் இப்படி வரிகள் விழும், ஒளியைத் துகள் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும் என்பார்.

சூசைமிக்கேல் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். அவருடைய மாணவன் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு அத்தனை பெருமை.

அவன் ஒரு சோதனை செய்தான். மிக மிக மங்கலான ஒளியைப் பாதி ஒளியை ஊடுருவவிட்டு மீதியைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்றின் மேல் விழவிட்டு, இரண்டு பக்கமும் ஒளி பட்டால் ஒலிக்கும் கருவிகளை வைத்தான். அலை என்றால் அது இரண்டாகப் பிரிந்து இரு கருவிகளையும் ஒன்றாக ஒலிக்கவைக்க வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலித்தது. கருவிகளை இடம் மாற்றி வைத்தும் பார்த்தான். அப்போதும் அப்படியே.

ஆய்வை அரங்கில் சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள், இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடலாமா என்று அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏன்?"

"உங்களுக்கு எதிரா நிக்குது மேடம்."

அவர் எழுந்து ஆய்வகத்துக்கு வந்தார். கருவிகளின் பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டார். ஒரு சமயம் இடதுபக்கம் ஒலித்தது, ஒரு சமயம் வலதுபக்கம். சேர்ந்து ஒலிக்கவேயில்லை. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

பிறகு, பிரிந்த இரண்டு பாதைகளையும் திரும்ப ஒன்றுசேர்த்து ஒரு கேமராவில் விழவைக்கச் சொன்னார். அவன் அப்படியே செய்தான். ஒளி புள்ளி புள்ளியாக விழுந்தது. நேரம் போகப்போக அந்தப் புள்ளிகள் சேர்ந்து, அவர் பாடத்தில் காட்டும் அதே வரிகளாயின.

"அப்ப எது மேடம் உண்மை? துகளா, அலையா?"

"நாளைக்கு ரெண்டையும் காட்டுங்க," என்றார்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. சூசை இரண்டையும் காட்டினான். பேசி முடித்தபோது கைதட்டல் எழவில்லை. எல்லோரும் பிரமநாயகியைத்தான் பார்த்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். "வாழ்நாள் முழுக்க அலைன்னு சொன்னீங்க. உங்க மாணவரே உங்களை மறுத்துட்டாரே?"

பிரமநாயகி எழுந்தார். சூசை தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் ஒளிகிட்ட ஒண்ணு கேட்டேன், அது எனக்குப் பதில் சொல்லிச்சு. இவர் வேற ஒண்ணு கேட்டிருக்கார், இவருக்கும் சொல்லியிருக்கு. நான் கேட்டதையே இவரும் கேட்டுட்டு வந்திருந்தா, இவரை என் மாணவர்னு நான் வெளியில சொல்லியிருக்க மாட்டேன்."