அரசிக்குச் சொன்ன சொல்

முதலில் கதையைக் கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். என் விடையைப் படிக்கும் முன் உங்கள் விடையை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெண்கள் கூடைப்பந்து லீக் தொடங்கும் முன், எல்லா அணிகளும் ஒரு மண்டபத்தில் கூடி, முறைவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆட்களை எடுத்துக்கொள்வது வழக்கம். தூத்துக்குடி ஜெபசீலி காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசிப் பெயரும் சொல்லி முடித்து, மேடையில் பொன்னாடை போர்த்தத் தொடங்கிவிட்டார்கள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆள் குட்டை. அதற்கு மேல் ஒரு காரணமும் யாரும் சொல்லவில்லை.

வாசலில் நின்றவளிடம் அமராவதி அணியின் கோச் அம்பிகா வந்தார். "பயிற்சியில எங்க பொண்ணுங்களுக்கு எதிர்ல நின்னு ஆட ஒரு ஆள் வேணும். டீம்ல இடம் கிடையாது. சாப்பாடும் தங்குற இடமும் உண்டு. வர்றியா?"

ஊருக்குத் திரும்பி என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவள் சரி என்றாள்.

அந்த அணியின் உயிர் கரூர்க்காரி மங்கையர்க்கரசி. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். தினமும் அவளை மறிப்பது ஜெபசீலியின் வேலை. முதல் வாரமே அரசி மூச்சு வாங்கச் சிரித்தாள். "இந்தக் கண்ணு என்னைய நகரவே வுட மாட்டேங்குது மேடம். இவள அனுப்பிப் போடாதீங்க." மற்றவர்களுக்கு அவள் 'பயிற்சிக்கு வந்த பொண்ணு'. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், தன் தட்டிலிருந்து எடுத்து வைத்ததும் அரசி ஒருத்திதான்.

ஒரு நாள் கூடைக்கு எம்பிய அரசி, இறங்கும்போது ஜெபசீலியின் பாதத்தின்மேல் இறங்கினாள். முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. யார்மேலும் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஜெபசீலிக்கு அது காதில் ஏறவில்லை. லீக் தொடங்க நாள் இல்லாததால், அரசியின் இடத்தில் அம்பிகா அவளையே சேர்த்தார்.

ஆஸ்பத்திரியில் அரசியின் கட்டிலருகே நின்று ஜெபசீலி அழுதாள். "அக்கா, நீங்க திரும்பி வந்து நிக்கிற அன்னைக்கு நான் எந்திரிச்சிருதேன். இந்த இடம் உங்களுக்குத்தான்." யாரும் கேட்காமல் கொடுத்த வாக்கு. அரசி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்போட்ட. மறந்துராத கண்ணு."

யாருமே வேண்டாமென்று விட்ட பெண், அந்த ஆண்டு அமராவதி அணியைக் கோப்பைவரை இழுத்துப் போனாள். அடுத்த ஆண்டும் அப்படியே. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு பாதி மைதானத்தைத் தாண்டினாலே கூட்டம் எழுந்து நின்றது. "இவள எப்படி விட்டோம்?" என்று அன்றைக்கு மண்டபத்தில் இருந்த கோச்சுகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த இரண்டு ஆண்டும் அரசி கால் ஊன்றப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டு ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அணியில் பன்னிரண்டு இடம், எல்லாம் நிறைந்திருந்தன. அம்பிகா அவளை ஆடவிட்டுப் பார்த்தார். கை பழைய கைதான். ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் அந்தக் கால் ஒரு கணம் யோசித்தது.

ஜெபசீலி அம்பிகாவிடம் போனாள். "மேடம், நான் விலகிக்கிடுதேன். அரசி அக்காவப் போடுங்க."

"நீ விலகினாலும் அவளப் போடமாட்டேன். அந்தக் கால் இன்னொரு தடவ மடங்குனா அவ நடக்கிறதே கஷ்டம். வெளியில இருந்துதான் ஆள் எடுப்பேன். நீ இப்ப விலகினா, இந்த வருசம் திரும்பி இங்கயும் ஆட முடியாது, வேற எந்த டீமுக்கும் ஆட முடியாது. லீக் விதி தெரியுமில்ல?"

அவள் அரசியிடம் வந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். போகட்டும் விடு என்று அக்கா சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை. அரசி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எடத்த எனக்குக் குடுக்கறது உன்ற கைல இல்ல. செரி. எந்திரிக்கறது உன்ற கைல இருக்குதல்ல? அதையாச்சும் செய்யி."

"நான் எந்திரிச்சா உங்களுக்கு என்னக்கா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது. என்ற எடத்துல நீ நிக்கறதப் பாக்க முடியல கண்ணு. அவ்வளவுதான்."

மறுநாள் ஜெபசீலி விலகிவிட்டாள்.

முதல் ஆட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி அரசி. கீழே, வெளியூரிலிருந்து வந்த உயரமான பெண் பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்தாள். ஜெபசீலியின் கால்கள் நாற்காலிக்கு அடியில் தாமாகவே இடம் மாறிக்கொண்டிருந்தன. இடைவேளையில் அரசி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"போயி ஆடு கண்ணு. நான் சொன்னத வுட்டுரு."

"இனிமே விட மாட்டாங்கக்கா."

இருவரும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமராவதி அணி அன்று தோற்றது. அந்த ஆண்டு முழுவதும் தோற்றது.

இடம் தர மறுத்த அம்பிகா, எழுந்திருக்கச் சொன்ன அரசி, எழுந்துவிட்ட ஜெபசீலி. மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது. அம்பிகா மேல் குற்றமில்லை. இடம் அணியுடையது, அரசியின் காலைக் காப்பதும் அவர் பொறுப்பு. ஜெபசீலி செய்ததும் சரி. தன்னுடையதல்லாத ஒன்றைத் தருவதாகச் சொன்னது அழுகையில் வந்த பிழை. ஆனால் கேட்டபோது, தன் கையில் இருந்த பாதியைப் பிடித்துவைக்காமல் கொடுத்தாள். அரசி செய்ததுதான் தவறு. காலை இழந்து, இடத்தை இழந்து, ஒன்றும் செய்ய முடியாதவளாக நின்ற அவளிடம்தான் அந்த வாக்கை விட்டுக்கொடுக்கும் உரிமை இருந்தது. வேறு யாராலும் அது முடியாது. அவளும் விட்டுக்கொடுத்தாள். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.