பாம்பு வராத மூலை

காட்டோரத்தில் பழைய கல்குழி ஒன்று மழைத் தண்ணீர் நிறைந்து குளமாகியிருந்தது. அதில் செவ்வரி என்ற தவளையும் அவள் தங்கை குமிழியும் இருந்தார்கள். அதே குளத்தின் கோரைப் புதருக்குள் ஒரு தண்ணீர்ப் பாம்பும் இருந்தது.

செவ்வரிக்கு ஒரே ஏக்கம். மழைக்கு மழை முட்டையிட்டாள். மீன் தின்றது, கொக்கு தின்றது, மிச்சத்தைப் பாம்பு தின்றது. ஒரு பிள்ளைகூட வால் உதிர்ந்து கரையேறியதில்லை. பாவம், பெற்றவளுக்கு வலிக்காதா?

தவளைக்குக் கத்தத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது என்பார்கள். அபாண்டம்! முட்டையிடும் முன் தவளைத் தாய்மார் குளத்தைச் சுற்றி வந்து, எதிரி நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இடுவார்கள். அது அவர்கள் வழக்கம். அந்த வழக்கம்தான் செவ்வரியைக் கெடுத்தது.

குளத்தின் வடக்கு மூலையில், எவனோ லாரியிலிருந்து உருட்டிவிட்டுப் போன பீப்பாய் ஒன்று பாதி முழுகிக் கிடந்தது. அதன் துருப்பிடித்த ஓட்டை வழியே ஏதோ கசிந்துகொண்டே இருந்தது. அங்கே தண்ணீரின் மேல் வண்ண வண்ணமாக ஒரு படலம் மினுங்கும். மீன் இல்லை. கொக்கு இறங்குவதில்லை. கொசுகூடப் பறப்பதில்லை.

"இதைவிட நல்ல இடம் கிடைக்குமாடி!" என்றாள் செவ்வரி.

"எனக்கென்னமோ பயமா இருக்குக்கா. ஒரு சத்தமும் இல்லையே!" என்றாள் குமிழி.

"சத்தம் இல்லேன்னா எதிரி இல்லேன்னு அர்த்தம்!"

கோரைப் புதரிலிருந்து பாம்பு தலையை நீட்டியது. "அங்க போகாதே!" என்று சீறியது.

செவ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டியா குமிழி? இரை கைவிட்டுப் போகுதேன்னு அதுக்கு வயித்தெரிச்சல்!"

குமிழி வழக்கமான தாமரை ஓரத்துக்கே போய்விட்டாள். செவ்வரி பீப்பாய்க்கு அருகிலேயே முட்டையிட்டு, அங்கேயே ஊறிக்கொண்டு காவல் இருந்தாள். முட்டைகள் பொரிந்தன. தலைப்பிரட்டைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு பிள்ளைகளுக்குக் கால் முளைக்கத் தொடங்கியது. ஒன்றுக்கு ஐந்து கால். ஒன்றுக்குக் காலே இல்லை. இன்னொன்றுக்கு முதுகில் ஒரு கண். அது இமைக்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கால் முளைத்த பின் முதல் மழை வந்தால் இளசுகள் கரைக்கு வந்து கத்தும். குமிழியின் பிள்ளைகளில் பிழைத்தவை கொஞ்சம்தான். ஆனாலும் குளமே அதிரக் கத்தின. செவ்வரியின் பிள்ளைகளும் தட்டுத் தடுமாறி வந்து வாயைத் திறந்தன. தொண்டை உப்பியது. சத்தம் வரவில்லை. மழை விடும்வரை அத்தனையும் திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தன.

அப்போது பாம்பு நீந்தி வந்து, சற்றுத் தள்ளியே நின்றது.

"தின்ன வந்தியா?" என்று கேட்டாள் செவ்வரி.

"இதுகளையா? மாட்டேன்! முன்னே இந்த மூலையில இரை பிடிச்சுத் தின்னேன். அப்புறம் நான் இட்ட முட்டையில ரெண்டு தலையோட ஒரு குட்டி வந்துச்சு. ஒரு தலை தண்ணிக்கு இழுத்துச்சு, இன்னொண்ணு கரைக்கு இழுத்துச்சு. நடுவுலயே கிடந்து காஞ்சு செத்துச்சு."

"என் பிள்ளைங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"முட்டைக்குள்ள கறுப்பா ஒரு பொட்டு இருக்கே, அதுலதான் எல்லாச் சேதியும் இருக்கு. கால் எத்தனை, கண் எங்க, குரல் எப்படின்னு தாய் தகப்பன் வழியா வந்த சேதி. பீப்பாய்ல கசியிற நஞ்சு உள்ள புகுந்து அதைக் கலைச்சிடுச்சு. கலைஞ்ச சேதியைக் கேட்டுத்தான் உடம்பு வளருது."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா!"

"போகாதேன்னு சொன்னேன். நீ சிரிச்சே."

செவ்வரி பேசாத பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதாள். அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

அடுத்த மழைக்கு அவள் வயிறு மறுபடி நிறைந்தது. இம்முறை குளத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே பாம்பின் கோரைப் புதருக்கே போனாள்.

"இங்கயா! நான் தின்பேனே!" என்றது பாம்பு.

"தின்னு! மிச்சம் நிக்கிறதாவது தவளையா வளரட்டும்!"

முட்டையிட்டு முடித்து, கண்ணாடி போன்ற பசைக்குள் தெரியும் கறுப்புப் பொட்டுகளையே பார்த்தபடி ஒதுங்கி நின்றாள். குமிழியும் பக்கத்தில் வந்து நின்றாள்.

பாம்பு நாக்கை நீட்டி முட்டைகளை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. பிறகு செவ்வரியை நிமிர்ந்து பார்த்தது.

"நீயும் அந்தத் தண்ணியில ஊறினவதானே?" என்றது மெல்ல.

ஒரு முட்டையைக்கூடத் தொடாமல் அது திரும்பிப் போனது.

"தின்னு! ஒண்ணையாவது தின்னுட்டுப் போ!" என்று செவ்வரி பின்னால் கதறினாள். கோரைப் புதரில் ஒரு சத்தமும் இல்லை.

எதிரியும் அஞ்சி ஒதுங்கும் இடத்தைப் பாதுகாப்பு என்று நம்பிப் போனால், அங்கே நேரும் கேடு நம்மோடு நில்லாமல் நம் பிள்ளைகளின் உடம்பிலும் தொடரும்.