கரண்டி நின்ன உயரம்

செஞ்சிக்கு அந்தாண்ட, பாறைங்க ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கிற எடத்துல தவநிதி அம்மாவோட ஆசிரமம். ஸ்கூலு, விடுதி எல்லாம் உள்ளயே. அறுபத்தி நாலு புள்ளைங்க தங்கிப் படிக்குதுங்க.

அம்மாவுக்கு வயசு நாப்பத்தொண்ணு. அவங்க சீடர் சபாபதிக்கு அறுபத்திரெண்டு. ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. உத்தியோகத்துலேர்ந்து ரிட்டையர் ஆன கையோட வந்து சேந்தவரு. தன்னைவிட இருபது வயசு சின்னவங்க கால்ல தெனமும் விழுந்து எழுந்திரிப்பாரு. கூச்சமே கிடையாது. பெருமைதான்.

அதைவிடப் பெரிய பெருமை ஒண்ணு இருந்துச்சு. மதியச் சாப்பாடு அவர் கையாலதான். ஆளு வெச்சுக்க மாட்டாரு. வாளியத் தூக்கிக்கிட்டு வரிசை வரிசையா அவரே போவாரு. "சாமிக்குப் பண்ற பூசைய விட இது ஒசத்தி"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு.

அன்னைக்குக் காலைல ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டு அம்மாகிட்ட வந்தாரு. அம்மா கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க.

"ஒரு கையெழுத்து வேணும்மா."

"படிங்க."

விடுதி கமிட்டி எழுதுன லெட்டரு அது. ஆறாங்கிளாஸ் செவந்தி கையில சாம்பார் கொட்டுனது விபத்து. அந்தப் பொண்ணே தட்டை இழுத்ததாலதான் கொட்டுச்சு. எங்க விடுதில எந்தப் பாகுபாடும் எப்பவும் இருந்தது கிடையாது. பொய்ப் புகார் சொன்னதுக்காகப் பொண்ணுக்கு டி.சி. குடுத்து அனுப்புறோம்.

செவந்தி ஏரிக்கரை இருளர் வீட்டுப் பொண்ணு. மூணு நாளைக்கு முன்னாடி மணிக்கட்டு வெந்து கொப்புளமாயிடுச்சு. எப்படி ஆச்சுன்னு டீச்சர் கேட்டாங்க. "சபாபதி சார் எங்களுக்கு மட்டும் மேலேர்ந்து ஊத்துவாரு மிஸ்"னு சொல்லிச்சு. அவ்ளோதான் சொல்லிச்சு. அதுக்குத்தான் இந்த லெட்டரு.

"அவங்க அப்பா வந்திருக்காராமே?"ன்னாங்க அம்மா.

"மாசிதானே? வந்திருக்கான். செங்கல் சூளைலேர்ந்து நேரா வந்து கேட்டாண்ட உக்காந்திருக்கான்."

"அந்தப் பொண்ணு சொன்னது?"

"பொய்ம்மா. எந்தப் புள்ள என்ன ஆளுங்கன்னே எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல. பசிக்குது, தட்டை வெக்குது, ஊத்துறேன். அதெல்லாம் அந்தக் காலத்துல பாத்தாங்க. இப்ப யாரும்மா பாக்குறா? யாரோ இந்தப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க. நாம அதைப் பத்திப் பேசாம இருந்தாலே தன்னால போயிடும்."

அம்மா ஒரு முத்துன தண்டை ஒடிச்சுப் போட்டாங்க.

"சாப்பாடு ஆகட்டும். இன்னைக்கும் நீங்கதானே?"

"நான்தாம்மா. வேற யாரு?"

*

சாப்பாட்டுக் கூடத்துல ஒரு வழக்கம் உண்டு. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்கவங்க எடத்தை அவங்கவங்களே துடைச்சிடணும். ஆளுக்கொரு ஈரத்துணி. அது ஒழுக்கம்னு சபாபதிதான் கொண்டுவந்தாரு. வெள்ளை டைல்ஸ் போட்ட தரை, எப்பப் பாத்தாலும் பளிச்சுன்னு இருக்கும்.

வகுப்பு வாரியா வரிசை. சபாபதி சோறு போட்டாரு, சாம்பார் ஊத்துனாரு, பொரியல் வெச்சாரு. எப்பவும் போலத்தான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க தம்பி", "ஏன் பாப்பா, வயித்துல எடம் இல்லியா?" எந்தப் புள்ள பேரும் அவருக்கு நெனவு நிக்காது. எல்லாம் தம்பி, எல்லாம் பாப்பா.

புள்ளைங்க துணிய எடுக்கப் போற நேரத்துல அம்மா உள்ள வந்தாங்க. சாப்பாட்டு வேளைல அவங்க கூடத்துக்கு வந்து யாரும் பாத்ததில்ல.

"இன்னைக்கு யாரும் துடைக்க வேணாம். அப்படியே எந்திரிச்சுப் போங்க."

செவந்தி அதுக்குள்ள பாதி குனிஞ்சிடுச்சு. கட்டுப் போட்ட கைய மடியில வெச்சுக்கிட்டு இன்னொரு கையால துடைக்கப் பாத்துச்சு.

"விட்டுடு கண்ணு."

"கறையாயிடும்மா."

"ஆகட்டும்."

கூடம் காலியாச்சு. அம்மா தரையில சம்மணம் போட்டு உக்காந்தாங்க.

"நீங்களும் உக்காருங்க, சபாபதி. தட்டு வெக்கிற உயரத்துலேர்ந்து பாருங்க."

அவரு உக்காந்தாரு. மொதல்ல ஒண்ணும் தெரியல. ரெண்டு பருக்கை, ஒரு கருவேப்பிலை. அப்புறம் தெரிஞ்சுது.

ஆறாங்கிளாஸ் வரிசைல ஒரு எடம். தட்டு இருந்த வட்டம் மட்டும் வெள்ளையா நின்னுச்சு. அதைச் சுத்தி மஞ்சப் புள்ளி, ஊசில குத்துன மாதிரி, ஒரு முழம் தூரத்துக்குத் தெறிச்சிருந்துச்சு. பக்கத்து எடம் சுத்தம். அதுக்குப் பக்கத்து எடமும் சுத்தம். நாலாங்கிளாஸ் வரிசைல அதே மாதிரி ஒண்ணு. ஏழுல ஒண்ணு. எட்டுல ஒண்ணு. ஒம்போதுல ஒண்ணு.

"சின்னப் புள்ளைங்கம்மா. தட்டை ஆட்டியிருக்கும்."

"ஒம்போதாங்கிளாஸ் புள்ளையுமா?"

"கரண்டி காம்பு நீளம். கை நழுவும்."

"மத்த அம்பத்தொம்போது பேருக்கும் இதே கரண்டிதானே?"

"சாம்பார் இன்னைக்குத் தண்ணியா வேற..."

அவருக்கே அதை முடிக்கத் தோணல. அம்மா எந்திரிச்சுப் போயி அந்த மொத எடத்துல நின்னாங்க.

"இங்க யாரு உக்காந்திருந்தா?"

"செவந்தி."

நாலாங்கிளாஸ் வரிசைக்குப் போனாங்க.

"குப்பன்."

"இங்க?"

"ராக்கம்மா. அங்க அஞ்சலை. கடைசில இருக்கறது வீரன்."

மூச்சு விடாம சொல்லிட்டாரு. சொன்ன அப்புறம்தான் அவர் காதுல விழுந்துச்சு. அஞ்சும் ஏரிக்கரைப் புள்ளைங்க. அறுபத்தி நாலுல அந்த அஞ்சு பேரோட பேருதான் அவருக்கு நெனவுல இருந்துச்சு.

"எந்தப் புள்ள யாருன்னே தெரியாதுன்னீங்க. கைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சபாபதி தன் வலது கையவே பாத்தாரு. தட்டைத் தொட்டுடக் கூடாதுன்னு அது பாட்டுக்கு ஏறி நின்னிருக்கு. நாலு வருஷமா.

"நான் வேணும்னு பண்ணலம்மா."

"நானும் வேணும்னு பாக்காம இருக்கல. நாலு வருஷமா என் ரூம்லயே சாப்பிட்டேன். தெறிச்சதை அந்தப் புள்ளைங்களே துடைச்சு வெச்சுட்டுப் போயிருக்கு."

பேப்பரை வாங்கி நாலாக் கிழிச்சாங்க.

"மாசி இன்னும் வெயில்லதான் உக்காந்திருக்காரு. போயிப் பேசுங்க."

*

சபாபதிய பாத்ததும் மாசி எந்திரிச்சு நின்னாரு. பக்கத்துல செவந்தி, தோள்ல ஸ்கூல் பையோட.

"உக்காருப்பா. ஏன் எந்திரிக்கிற?"

மாசி உக்காரல.

சபாபதி நெஜமாவே மன்னிப்பு கேக்கத்தான் போனாரு. வாயத் திறந்ததும் வேற வந்துச்சு.

"மாசி, நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உனக்கே தெரியும். பட்டா விஷயமா உங்க ஆளுங்க ஆபீசுக்கு வந்தப்போ சேர் போட்டு உக்கார வெச்சது யாரு? நான்தானே? எம்பொண்ணு கல்யாணத்துக்குக்கூட உங்களைக் கூப்பிட்டேன். என் மனசுல அப்படி ஒண்ணும் கிடையாதுப்பா. கை என்னமோ தன்னால தூக்கிடுச்சு போல. அதுக்குப் போயி இவ்ளோ பெரிய வார்த்தை சொன்னா, எனக்கு எப்படி இருக்கும், சொல்லு?"

"ஆமா சாமி."

"மூணு நாளாத் தூக்கம் இல்ல."

"ஆமா சாமி."

கால் மணி நேரம் பேசியிருப்பாரு. கண்ணுகூட கலங்கிடுச்சு. பொண்ணு கை எப்படி இருக்குன்னு ஒரு தடவகூட கேக்கல. அது அவருக்குத் தோணவே இல்ல.

அப்புறம் செவந்தி பக்கம் திரும்புனாரு.

"பாப்பா, டி.சி. எல்லாம் கிடையாது. நீ இங்கயே இருக்கலாம். சார் அப்படிப்பட்டவர் இல்லன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு. சாருக்கு மனசு ஆறிடும்."

பொண்ணு அப்பா மொகத்தைப் பாத்துச்சு. மாசி தரையைப் பாத்தாரு.

"சொல்லிடும்மா. சொன்னா போயிடலாம்."

"சார் அப்படிப்பட்டவர் இல்ல."

"தங்கம்"னு சொல்லித் தட்டிக் குடுக்கக் கையத் தூக்குனாரு சபாபதி. செவந்தி கண்ணை இறுக்க மூடிக்கிச்சு. கை அந்தரத்துலயே நின்னுட்டு எறங்கிடுச்சு.

"அப்ப நாங்க வர்றோம் சாமி."

"எங்கப்பா? டி.சி. இல்லன்றேனே."

"சூளைல ஒரு ஆளு கொறையுது."

"யோவ், நல்லாப் படிக்கிற புள்ளய்யா அது."

"ஆமா சாமி. ஆபீஸ்லேர்ந்து காயிதம் வந்தா எங்க எல்லாருக்கும் அவதான் படிச்சு சொல்லுவா."

மாசி சைக்கிளைத் தள்ளுனாரு. பொண்ணு பின்னாடி ஏறி உக்காந்துச்சு. கட்டுப் போட்ட கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ஒத்தக் கையால அப்பா சட்டையப் புடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல.

சாயங்காலம் ஏரிக்கரைலேர்ந்து மத்த நாலு புள்ளைங்களைப் பெத்தவங்களும் வந்தாங்க. ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. குப்பன், ராக்கம்மா, அஞ்சலை, வீரன். நாலு டிரங்குப் பெட்டி. கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

சபாபதி அம்மாகிட்ட வந்து சொன்னாரு. "எவ்ளோ சொல்லியும் கேக்கலம்மா. ஆனா அந்தப் புள்ளயே தன் வாயால சொல்லிடுச்சு, நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு."



*

மறுநாள் மதியம் அம்மா கூடத்துல வந்து மீதி அம்பத்தொம்போது புள்ளைங்களோட உக்காந்தாங்க, ஆறாங்கிளாஸ் வரிசைல.

சபாபதி அப்படிப் பரிமாறி யாரும் பாத்ததில்ல. ஒவ்வொரு தட்டுக்கும் முட்டி மடக்கிக் குனிஞ்சாரு. கரண்டி தட்டுல பட்ட அப்புறம்தான் சாய்ச்சாரு. மூணாவது வரிசைலயே இடுப்பு புடிச்சுக்கிச்சு. விடல. கடைசிப் புள்ள வரைக்கும் அப்படியேதான்.

சாப்பாடு முடிஞ்சுது. "யாரும் துடைக்காதீங்க"ன்னு அவரே சொன்னாரு. எல்லாரும் போன அப்புறம் தரையில மண்டி போட்டு, கன்னம் டைல்ஸ்ல படுற அளவுக்குக் குனிஞ்சு, ஒவ்வொரு வரிசையா பாத்துக்கிட்டே போனாரு. நிமிர்ந்தப்போ மொகம் தெளிஞ்சிருந்துச்சு.

"அம்மா, வந்து பாருங்க. ஒரு சொட்டு இல்ல. எல்லாருக்கும் தட்டைத் தொட்டுத்தான் ஊத்துனேன். இனிமே நம்ம எடத்துல அந்தப் பேச்சுக்கே வேலை இல்ல."

அம்மா கை கழுவிட்டு வந்து அந்தத் தரையப் பாத்தாங்க.

"இவங்களுக்கு நேத்தும் அப்படித்தானே ஊத்துனீங்க, சபாபதி."