தீ விழும் பக்கம்

குழந்தைவேலின் இஞ்சினுக்கு வார்த்த மூன்றாவது உலோகக் கூடும் விரிசல் கண்டது. முதல் இரண்டும் விரிசல் கண்ட அதே இடத்தில், ஸ்பார்க் பிளக்கின் ஓரத்தில்.

ஒண்டிப்புதூரில் டீச்சரிடம் காட்டுவதற்காகக் கூட்டைச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்த மனைவி பூங்கொடியின் மடியில் வைத்தார். அவளுடைய துணிப்பை முன் கொக்கியில் தொங்கியது. டீச்சர் வீட்டிலிருந்து அவள் அப்படியே பஸ் ஏறித் தாராபுரத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒண்டிப்புதூர் போய்ச் சேரும்வரை வேகத்தடைக்கு ஒரு அதட்டல். கெட்டியாகப் பிடிக்கச் சொன்னார். ஆட்டாதே என்றார். அதென்ன தேங்காய் மூட்டையா என்று கேட்டார். அவள் சாக்கைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள்.

ஞானசவுந்தரி டீச்சர் அவரைவிடப் பத்து வயது சிறியவர். கல்லூரியில் இஞ்சின் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பிறர் செய்து கொண்டுவரும் இஞ்சின்களை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறார். இளையவரிடம் கைகட்டிப் பாடம் கேட்பதில் குழந்தைவேலுக்கு வெட்கம் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒருநாளும் நேராகப் பதில் வராது என்பதுதான் ஆற்றாமை.

அவர்கள் போய் இறங்கியபோது டீச்சர் வாசலில் கீரைக்காரம்மாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நேற்றுக் கொடுத்த அரைக்கீரையில் பாதி புழுவாம். காசு வாங்குகிற கண்ணுக்குப் புழு தெரியாதா என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டி முடித்தார். முடித்த கையோடு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அதே அம்மாவிடம் கொடுத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

குழந்தைவேலும் அந்த அம்மாவைப் பார்த்து முகம் மலர்ந்தார். "சவுக்கியமுங்களா?"

பின்னால் நின்ற பூங்கொடியிடம் திரும்பியபோது அந்த முகம் இல்லை. "கையிலயே வெச்சுட்டு நிப்பியா? கொண்டுபோய் எறக்கு."

கூடு கொட்டகை மேசைக்குப் போனது. இரண்டு பருப்புள்ள நிலக்கடலைத் தோட்டின் வடிவம் அதற்கு. உள்ளே ஒரு முக்கோணம் சுழலும். முனைக்கொன்றாகப் பதிந்த சீல் பட்டைகள் சுவரைத் தடவிக்கொண்டே போகும். வால்வு கிடையாது, உதறல் கிடையாது. அந்தப் பட்டைகளை எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பொருத்துவது பூங்கொடியின் வேலை.

பிஸ்டன் இஞ்சின் என்றாலே அவருக்கு இளக்காரம். மேலே ஓடும், நிற்கும். கீழே ஓடும், நிற்கும். வேலைவெட்டி இல்லாமல் மாமியார் வீட்டில் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடக்கிற மாப்பிள்ளை என்பார். இன்றைக்கு அந்த மாப்பிள்ளையின் மேல் பொறாமையாக இருந்தது.

"அவனுக்கு எங்கியும் விரிசல் விடறதில்லீங்க டீச்சர். எனக்கு மட்டும் ஏன்? மூணு உலோகம் போட்டுப் பார்த்தாச்சு. தீபாவளி கழிஞ்சு ட்ரோன் கம்பெனிக்காரங்க இஞ்சினைப் பார்க்க வர்றாங்க. வேற நல்ல உலோகமா ஒண்ணு சொல்லுங்க."

டீச்சர் விரிசலை விரலால் தடவினார். "சாப்பிட்டீங்களா?"

ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் குழந்தைவேல்.

சமையலறையில் தோசைக்கல் காய்ந்தது. அடுப்பின் பர்னரில் ஒரு பாதி அடைத்துக்கொண்டு, மறுபாதி மட்டும் எரிந்தது. முதல் தோசை ஒரு பக்கம் கருகியும் ஒரு பக்கம் மாவாகவும் அவர் தட்டில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விழுந்தபோது நிலைப்படியில் உட்கார்ந்திருந்த பூங்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"கல்லைக் கொஞ்சம் திருப்பி வெச்சு ஊத்துங்க டீச்சர்" என்றார் குழந்தைவேல்.

"ஏன், கல்லு சரியில்லீங்களா?"

"கல்லு நல்லாத்தான் இருக்கு."

"வேற கல்லு வாங்கிட்டு வரட்டுங்களா?"

"எத்தனை கல்லு மாத்தினாலும்..." என்று தொடங்கியவர் தட்டை நகர்த்தி வைத்தார். இதைச் சொல்வதற்கா மூன்று தோசை? "இது எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே. பிஸ்டன்ல, தீப்பிடிச்ச அதே அறைக்குத்தான் அடுத்தாப்பல குளுந்த காத்தும் வருது. ஒரே சுவருக்கு மாத்தி மாத்தி ரெண்டும் கெடைக்குது. என்னோட கூட்டுல காத்து வர்ற பக்கம் எப்பவும் குளுமை. தீ விழற பக்கம் எப்பவும் தீ. அது தெரிஞ்சுதான் உலோகம் கேக்கறேன்."

"தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்பச் சரி" என்று டீச்சர் நாலாவது தோசையை ஊற்றினார். கல்லைத் திருப்பவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ட்ரோன் கம்பெனிக்காரர். குழந்தைவேல் எழுந்து நின்று பேசினார். ஒரு சிரமமும் இல்லை என்றார், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார், அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் தேவலையா என்றுகூட விசாரித்தார். குரலில் இளநீர் வழிந்தது. பேசி முடித்துக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே நிலைப்படியைப் பார்த்தார்.

"சீல் பட்டையைத் தேய்ச்சு வெச்சுட்டுப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, செஞ்சியா? இல்ல, ஊருக்குப் போற சந்தோசத்துல அதையும் மறந்தாச்சா?"

"செஞ்சு வீட்ல மேசை மேல வெச்சிருக்கேன்" என்றாள் பூங்கொடி. "ரெண்டு செட்டு."

"ஒரு இஞ்சினுக்கு எதுக்கு ரெண்டு செட்டு?"

அவள் எழுந்து சேலையை உதறினாள். டீச்சரிடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். ஸ்கூட்டர் கொக்கியிலிருந்து பையை எடுக்கும் சத்தமும் கேட் சாத்தும் சத்தமும் உள்ளே கேட்டன.

முதல் செட்டு தேய்ந்த பிறகு போடுவதற்குத்தான் இரண்டாவது என்பது குழந்தைவேலுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. ஒரு செட்டு தேய மாதக்கணக்காகும். விண்டு வாயில் போட்ட நாலாவது தோசை கருகலா மாவா என்று தெரியவில்லை.

"இத்தனை வருசமா இல்லாம இப்ப என்னத்துக்குங்க டீச்சர்? புதுசா நான் என்ன சொல்லிட்டேன்?"

"புதுசா ஒண்ணும் சொல்லலீங்ணா."

கோபமாக எழுந்து கொட்டகைக்குப் போனார். யார் மேல் கோபம் என்று அவருக்கே பிடிபடவில்லை. மேசையில் கூடு கிடந்தது. காற்று நுழையும் பக்கத்தில் கடைசல் கோடுகள்கூட அழியாமல் புத்தம் புதிதாக மின்னின. மற்றப் பக்கத்தை அவர் பார்க்கவில்லை. வழக்கம்போல உலோகத்தைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டுத் தப்பித்துவிடலாம் என்று வாயெடுத்தார்.

பின்னாலேயே வந்த டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உலோகத்துல ஒரு குத்தமும் இல்லீங்ணா. ரொம்ப நல்ல உலோகம்."

குழந்தைவேல் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். கிளப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அவர் சொல்லக்கூடியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாம் ஏற்கெனவே சொன்னவை. எதைச் சொன்னாலும் அதட்டலாகவே வரும் என்று பட்டது.

"போய் என்னன்னு பேசறதுங்க டீச்சர்?" என்று வாசலில் வந்து நின்றவரிடம் கேட்டார்.

"வந்ததும் கீரைக்காரம்மாகிட்ட என்ன கேட்டீங்க?"

அவர் யோசித்தார். "சவுக்கியமான்னு கேட்டேன்."

"அதைப் போய்க் கேளுங்க."